அன்றன்றைய மன்னா

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் விடிவதற்குள் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும்) நிலையத்திற்கு அவரை அழைத்துச் சென்று, நான்கு மணி நேரம் காத்திருந்து, வீட்டுக்கு அழைத்து வருகிறேன். விசுவாசத்தில் வளர்வது பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் அந்தக் காத்திருப்பு அறையில்தான் மாறியது.

அதற்கு முன்பு விசுவாசத்தை ஒரு சேமிப்பைப் போல நினைத்திருந்தேன். ஓய்வுநாள் பள்ளியில் கற்ற வசனங்கள், தவறாமல் சென்ற ஜெபக்கூட்டங்கள், உபவாச நாள்கள் எல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே வரும் என்றும், துன்பம் வரும்போது எடுத்துச் செலவழிக்கலாம் என்றும் நம்பினேன். நோய் வந்த முதல் மாதத்திலேயே கை வெறுமையாகிவிட்டது.

அந்த நாள்களில் வேதாகமத்தில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் வானத்திலிருந்து தந்த உணவாகிய மன்னா விழுந்தபோது ஆளுக்கு ஓர் ஓமர் அளவு, அன்றைக்கு மட்டும் என்பதே கட்டளை. மறுநாளுக்கென்று சிலர் மீத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாய்ச் சேர்த்துக்கொள்ள அனுமதி இருந்தது. இப்படி 40 ஆண்டுகள்! ஒரே நாளில் களஞ்சியங்களை நிரப்ப வல்லவரான தேவன், ஒவ்வொரு காலையும் தம்மிடம் கையேந்தி வரும்படி அந்த ஜனங்களை நடத்தினார் என்பதை எத்தனையோ முறை வாசித்திருந்தும் அதுவரை நான் உணர்ந்ததில்லை.

என் அம்மா உணர்ந்திருந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டோடு எழுந்து போவார். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் சீவிய கோட்டில் நில்லாமல் வழிந்தோடிவிடும், அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. மழைக்காலத்தில் அடுப்பருகே முழங்காலிட்டு, “ஆண்டவரே, இன்றைக்கு” என்று மட்டும் ஜெபிப்பார். நாளையைப் பற்றி ஏன் கேட்பதில்லை என்று சிறுமியாக இருந்தபோது கேட்டேன். “நாளைக்கும் அவர் இருப்பார்தானே அம்மா” என்றார்.

சென்ற ஆண்டு, நல்லெண்ணத்தோடுதான், ஒருவர் என்னிடம், உங்களுக்குப் போதிய விசுவாசம் இருந்திருந்தால் இதற்குள் சுகம் கிடைத்திருக்கும் என்றார். அன்றிரவு நான் அழுதேன். ஆனால் வேதத்தில் அப்படிப்பட்ட கணக்கு எனக்குத் தென்படவில்லை. மாற்கு 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனோடு வந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு சத்தமிட்டான்; குறையுள்ள அந்த விசுவாசத்தை இயேசு தள்ளிவிடாமல் மகனைக் குணமாக்கினார். அப்போஸ்தலனாகிய பவுலோ, தம்மை வருத்திய, “மாம்சத்திலுள்ள முள்” என்று அவர் சொன்ன பாடு நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டும் முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதிலே கிடைத்தது. இவ்விருவரில் பவுலின் விசுவாசம் சிறியது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? தேவனுடைய வல்லமை ஒருவனைக் கட்டிலிலிருந்து எழுப்புவதாகவும் வரும், எழ முடியாதவனைத் தாங்குவதாகவும் வரும் என்றே நான் நம்புகிறேன். சுகத்திற்காக இன்னும் ஜெபிக்கிறேன், அதை விடப்போவதில்லை.

மன்னாவில் ஓர் ஓமரைப் பாத்திரத்தில் எடுத்துத் தலைமுறைதோறும் காக்கச் சொன்னதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அது உண்பதற்கன்று, நினைவுகூர்வதற்கு. அதைப் பார்த்துத்தான் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் அந்தந்த நாள் பெற்றதை எழுதத் தொடங்கினேன்: டயாலிசிஸின்போது இரத்த அழுத்தம் திடீரென இறங்கிவிடாத ஒரு காலை, சபையிலிருந்து ஓர் அக்காள் கொண்டுவந்த கஞ்சி, ஊசி ஏறும்போது என் கணவர் முணுமுணுத்த 23ஆம் சங்கீதம். பயம் மிகும் இரவுகளில் அதைப் புரட்டிப் பார்க்கிறேன்.

நாளை வியாழக்கிழமை. நாலரை மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன். அவருடைய போர்வையும் என் வேதாகமமும் பையில் இருக்கின்றன.