கரி டிராக்குக்கு ஒரு ஜோடி ஷூ

குலசேகரம் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போகும் செம்மண் பாதையில்தான் நான் ஜீப் ஓட்டிப் படித்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்த அப்பா கியரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "மக்களே, செருப்பக் கழத்திப் பின்னால போடு" என்றார். அவர் ஷூ போட்டு வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. மழையில் ரப்பர் மரத்துப் பால் வெட்டு நிற்கும் நாட்களில், சேறு அப்பிய காலைப் படியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு ஏறி உட்காருவார். அந்த ஜீப்பின் கிளட்ச் பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரியும். அந்த இரும்பின் குளிர்ச்சி என் இடது உள்ளங்காலுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இருபது வருடம் கழித்து, தக்கலையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதும் நான், பழைய ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தய டிராக்குக்குப் போனேன். எதற்குப் போனாய் என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். பந்தயம் ஒன்றுமில்லை. பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, நம் காரையே டிராக்கில் கொஞ்சம் கொஞ்சம் நேரமாக ஓட்டலாம், அவ்வளவுதான். எதிரே லாரி வராது, குறுக்கே ஆடு வராது. நாகர்கோவிலில் டிராக் என்றால் ரயில் தண்டவாளம்தான். கோவையில் அப்படி இல்லை. அங்கேயே பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் பெயரில்தான் அந்த டிராக் இருக்கிறது. 2005இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான்.

முதல் தடவை நான் போட்டுப் போனது காலையில் நடக்கப் போகும் ரன்னிங் ஷூ. வீட்டில் இருந்ததிலேயே சொகுசானது அதுதான். நாள் முழுக்கக் காலில் கிடக்கப் போகிறது, மெத்தென்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நாலாவது சுற்றோ ஐந்தாவதோ, ஒரு வலது வளைவுக்கு முன்னால் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வேகம் குறைய வேண்டிய இடத்தில் இன்ஜின் உறுமியது. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. கார் நேராகப் போய் மண்ணில் இறங்கிப் புழுதிக்குள் நின்றது. எனக்கும் ஒன்றுமில்லை, காருக்கும் ஒன்றுமில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என் காலைப் பார்த்தார். ஷூவின் அடிப்பகுதி பாதத்தைவிட ஒரு விரல் அகலமாக வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அந்தப் பிதுங்கல் ஆக்ஸிலரேட்டரின் ஓரத்தையும் சேர்த்து அமுக்கியிருக்கிறது. ரோட்டில் அவ்வளவு ஓங்கி பிரேக் பிடிக்கிற சந்தர்ப்பம் வருவதில்லை. அதனால் இத்தனை நாளும் அது தெரியவே இல்லை.

அதோடு அந்த மெத்தை வேறு. ரன்னிங் ஷூவின் குதிகாலுக்கு அடியில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நுரை. ஓடும்போது தரையின் அடியை அது வாங்கிக்கொள்ளும், அதற்குத்தான் செய்திருக்கிறார்கள். பெடலில் வைத்தாலும் அதே வேலையைத்தான் பார்க்கிறது. நான் கொடுக்கும் அழுத்தத்தை முதலில் நுரை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பெடலுக்குக் கொடுக்கிறது. பெடல் திருப்பிச் சொல்லும் சேதியும் என் காலுக்கு வந்து சேருவதில்லை. டிராக்கில் பிரேக்கை மிதிப்பது பெரிய வித்தை இல்லை, அதை விடுவதுதான் கஷ்டம். முதலில் முழு அழுத்தம், அப்புறம் வளைவுக்குள் கார் திரும்பிக்கொண்டிருக்கும்போதே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் முன்பக்கம் தூக்கி, முன் டயர்களின் பிடி குறையும். தலையணை மேல் நின்றுகொண்டு அந்தக் கொஞ்சம் கொஞ்சத்தை எப்படி அளப்பது?

மத்தியானம் வெறுங்காலோடு ஓட்டட்டுமா என்று கேட்டேன். பயிற்சியாளர் சிரித்துவிட்டு, மூடின ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்றார். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

அடுத்ததாக நான் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். இணையத்தில் தேடி, நிஜ ரேஸ் ஓட்டுபவர்கள் போடும் கணுக்கால் வரை வரும் பூட்ஸ் ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். நிறுவனம் எதுவென்று சொல்லவில்லை, தப்பு என் பாதத்தின் மேலும்தான். அளவு 39 சரியாகத்தான் இருந்தது, நீளத்தில். அகலத்தில் யாரோ ஒல்லிப் பாதக்காரருக்காகச் செய்தது. சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் திரிந்த பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்துதான் இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். காலையில் கொஞ்சம் இறுக்கம், பதினோரு மணிக்குச் சுண்டு விரலில் எரிச்சல், சாப்பாட்டுக்கு அப்புறம் கால் வீங்கி ஷூவே ஏறவில்லை. அன்று பாதிப் பணத்துக்கு ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெடல் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் என் காலுக்குத் தெரிந்ததே இல்லை. மெல்லிய அடிப்பகுதி, பாதத்தின் அகலத்துக்கு மேல் ஒரு இம்மி கிடையாது, குதிகாலின் பின்பக்கம் உருண்டையாக மேலே ஏறியிருக்கும். தரையில் குதிகாலை ஊன்றி பாதத்தைப் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குத் திருப்பினால் தடங்காமல் உருண்டு போகிறது.

இந்த பூட்ஸ்களின் விலைக்கு இன்னொரு காரணம் உண்டு. உள்ளே தீப்பிடிக்காத துணி வைத்துத் தைத்திருப்பார்கள், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8856-2018 என்ற தரச்சான்று இருக்கும். பந்தயத்தில் இறங்குபவர்களுக்கு அது தேவை. என்னைப் போல வருடத்தில் இரண்டு நாள் சொந்தக் காரில் சுற்றுபவர்களிடம் அதை யாரும் கேட்டதில்லை. பூமா ஸ்பீட்கேட் மாதிரி ரேஸ் பூட்ஸைப் பார்த்துச் செய்த சாதாரண ஷூக்களும் கிடைக்கும். தோற்றம்தான் அது, தீத்தடுப்பு கிடையாது. வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி. நான் என் பூட்ஸை ஒரு கோவைப் பையனிடம் 6,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். அவன் கால் ஒல்லி.

அப்புறம்தான் புத்தி வந்து நாகர்கோவில் கடைகளில் ஏறி இறங்கினேன். போனது சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து. முந்தின நாளே செய்தித்தாள் மேல் நின்று பாதத்தை வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டேன். அகலமான இடத்தில் 10 சென்டிமீட்டர். "நடக்கவா, ஓடவா?" என்று கடைப் பையன் கேட்டான். கார் ஓட்ட என்றேன். "காருக்கு எதுக்குக்கா ஷூ?" அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மூன்றாவது கடையில் பழைய காலத்து ஸ்டூல் ஒன்று இருந்தது. கால் வைத்து அளவு பார்ப்பதற்காக முன்பக்கம் சரிவாகப் பலகை அடித்தது. அந்தச் சரிவு கிட்டத்தட்ட ஒரு பெடல்தான்! குதிகாலைத் தரையில் ஊன்றி, சரிவில் முன்பாதத்தை வைத்து, அமுக்கி, திருப்பி, பக்கவாட்டில் சாய்த்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தேன். கடைக்காரர் ரொம்பப் பொறுமைசாலி. பூட்ஸ் மாதிரி இருந்த தடித்த ஸ்னீக்கர்கள் முதலில் போயின. தட்டையான கேன்வாஸ் ஷூ ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதன் அடி ரப்பர் வழவழ என்று கெட்டியாக இருந்தது. கடைசியில் நின்றது ஒரு பேட்மின்டன் ஷூ. மரத்தரையில் வழுக்கக் கூடாது என்று அதன் அடியில் வெளிர்பழுப்பு ரப்பர் போடுகிறார்கள். விலை 1,650.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒன்றைக் கையில் எடுத்து, ரப்பர் ஷீட் வாங்க வரும் வியாபாரி மாதிரி வளைத்து, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் அமுக்கிப் பார்த்தார். "ரப்பர் கொள்ளாம்" என்றார். எங்கள் பக்கம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அப்புறம் அடியின் ஓரத்தைக் காட்டி, "இது எதுக்கு மக்களே இப்பிடித் தள்ளி நிக்குது?" என்றார். பேட்மின்டனில் பக்கவாட்டில் பாயும்போது கால் பிசகாமல் இருக்க அந்த ஓரத்தை அகலமாக வைக்கிறார்கள். எனக்கு அதே பழைய வில்லங்கம்.

வடசேரி பஸ் ஸ்டாண்ட் அருகே செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். புது ஷூவை வெட்டச் சொன்னதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். வெளி ஓரத்தை மேல்துணியின் மட்டத்துக்குக் கத்தியால் சீவி, குதிகாலின் பின்விளிம்பை உருட்டி, உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். "ரொம்ப எடுத்தா ஒட்டு விட்டுரும், இது போதும்மா" என்று ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டார். நான் கேட்ட அளவுக்கு வெட்டியிருந்தால் ஷூ இரண்டாகப் பிரிந்திருக்கும். 80 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அந்த ஷூவில் கரியில் இரண்டு நாள், சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டியாகிவிட்டது. சென்னை டிராக் 3.717 கிலோமீட்டர், கரியைவிட நன்றாகவே நீளம், வேகமும் அதிகம். அங்கே மெல்லிய அடியின் இன்னொரு முகம் தெரிந்தது. ஓங்கி ஓங்கி மிதித்து, மாலையில் முன்பாதத்தின் சதை கன்றிப்போய் வலித்தது. இப்போது உள்ளே ஒரு மெல்லிய தோல் அட்டை வைத்திருக்கிறேன். பெடலின் உணர்வு கொஞ்சம் குறைகிறது, ஆனால் கடைசிச் சுற்றில் காலை நம்ப முடிகிறது. அந்தப் பேரத்துக்கு நான் தயார். பருத்திச் சாக்ஸ், அதுவும் மெல்லியது. கயிற்றின் முடிச்சை ஷூவுக்குள்ளேயே திணித்துவிடுவேன், தொங்கும் கயிறு பெடலில் மாட்டினால் அப்புறம் கதை வேறு.

அந்த ஷூவோடு தரையில் நடப்பதில்லை. ஓட்டாத நேரமெல்லாம் செருப்பு. பொடிக்கல்லும் சிந்திய ஆயிலும் அடியில் ஒட்டினால் எவ்வளவு நல்ல ரப்பரும் வழுக்கும். காரில் உட்கார்ந்து, கால்களை வெளியே நீட்டி, ஈரத்துணியால் அடியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே இழுப்பேன். சுற்றியிருக்கும் பையன்கள் அதை ஏதோ பூஜை என்று கேலி செய்கிறார்கள். கழற்றின செருப்பைக் காருக்குள் போடாமல் வெளியே யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன், மிதியடி விரிப்பையும் முன்பே எடுத்தாகிவிடும். பெடலுக்கு அடியில் போய் மாட்ட ஒன்றும் இருக்கக் கூடாது.

போன வாரம் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். வலது குதிகாலில், ஊன்றித் திருப்பும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ரப்பர் தேய்ந்து உள்துணி எட்டிப் பார்க்கிறது. இடது குதிகால் புதுசு போல இருக்கிறது. அதே கடையில் அந்த மாடல் இப்போது வருவதில்லையாம். வலது காலுக்கு மட்டும் ஒரு துண்டு ரப்பர் ஒட்டித் தர முடியுமா என்று வடசேரி அண்ணாச்சியிடம் கேட்க வேண்டும். அப்பா ஷெட்டில் ஏதோ பழைய டியூபைத் தேடிக்கொண்டிருக்கிறார்.