செட்டியார் தெருவுக்கு அரை மணி நேரம்

பிப்ரவரி 9, 2024, வெள்ளி. பள்ளத்தூர்

பழனியிலிருந்து நடந்து திரும்பிய கொப்புளம் இடது குதிகாலில் இன்னும் ஆறவில்லை. அதற்குள் அடுத்த பயணம்.

இலங்கை டூர் தாள் வந்துவிட்டது. முன்னேஸ்வரம், திருகோணமலை, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, கடைசியில் கொழும்பு. கொழும்புக்கு நேரே "கடற்கரை, கடைவீதி" என்று மட்டும் போட்டிருக்கிறது. எங்கள் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் தெரு இல்லை. கதிரேசன் கோவில் இல்லை. காரைக்குடியையும் கோட்டையூரையும் கானாடுகாத்தானையும் சுற்றி ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதை எப்படி விட்டார்கள்? போன் போட்டுக் கேட்டேன். "நேரம் இருந்தா பார்க்கலாம்மா" என்றார்கள். நேரம் இருந்தால்!

பிப்ரவரி 10, சனி

ஆச்சி, என் அக்கா, மதுரையிலிருந்து பேசினாள். நேற்று ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். டூரை விட்டுவிடுகிறேன் என்றேன். ஒரே அதட்டு. "பணம் கட்டியாச்சு, நீ போ. நான் எங்கே ஓடிப் போகப் போறேன்? செட்டியார் தெருவிலே கதிரேசனுக்கு ஒரு தேங்காய் உடை. அப்பச்சி கடை எதுன்னு பாரு."

அப்பச்சி கடை என்று அவள்தான் சொல்கிறாள். அப்பச்சி, எங்கள் அப்பா, அங்கே வட்டிக்கடையில் அடுத்தாள், சம்பள ஆள்தான்; முதலாளி வேறு வீடு. ஆனாலும் எங்களுக்கு அது அப்பச்சி கடைதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தேன்குழல், மாவுருண்டை, மிளகாய்ப்பொடி, கால் மருந்து. பெட்டி கட்டியாகிவிட்டது. தூக்கம் இல்லை.

பிப்ரவரி 12, திங்கள். திருகோணமலை

திருச்சியில் ஏறி பெல்ட் போட்டு, கொடுத்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கு என்கிறார்கள். இவ்வளவு பக்கமா இது? அப்பச்சி மானாமதுரை போய், ரயில் மாறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயிலில் விடிய விடிய கொழும்பு போவார்களாம். போனால் மூன்று வருஷக் கணக்கு முடியாமல் திரும்ப முடியாது. 1964 புயலில் தனுஷ்கோடி போனது. அதற்கு முந்தின வருஷமே பெர்மிட் புதுப்பிக்காமல் அப்பச்சியை அனுப்பிவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியும் கடைக் கணக்குப் பேரேடும்தான் கூட வந்தன. எனக்கு அப்போது ஆறு வயது. யாரோ புது ஆள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று பெட்டகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

விசாவுக்குக் கட்டணம் இல்லை. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் மூன்றே முக்கால் கிட்ட. எல்லாரும் கால்குலேட்டரும் கையுமாக இருக்கிறார்கள்.

வழிகாட்டித் தம்பி மலையகத் தமிழர், கண்டிப் பக்கம். நன்றாகப் பேசுகிறார். ஏறினவுடன் அவரிடமும் செட்டியார் தெருவைச் சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கோணேஸ்வரம். சம்பந்தர் ராமேஸ்வரத்தில் நின்றபடியே இந்தக் கோவிலைப் பாடினார் என்பது ஐதீகம். நின்று பார்த்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. பழைய கோவிலைப் போர்த்துக்கீசியர் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோவிலுக்குப் போக இன்றும் அந்தக் கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். உள்ளே புள்ளிமான்கள் ஆடுமாடு போலத் திரிகின்றன. ஒன்று என் கைப்பையை முகர்ந்து வாழைப்பழத்தை இழுத்துவிட்டது. நாக்கு சொரசொரவென்று இருந்தது.

ஆச்சி பேருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் சொல்லும்போது குரல் வரவில்லை.

பிப்ரவரி 14, புதன்

சிகிரியா. அடிவாரத்தோடு நின்றுவிட்டேன், குதிகால் கேட்கவில்லை. மேலே ஏறியவர்கள் காசியப்பன் என்ற ராஜாவின் அரண்மனை, ஓவியம் என்று வந்து சொன்னார்கள். பாறையில் இருக்கிற அந்தச் சிங்கப் பாதத்தை மட்டும் பார்த்தால் எனக்குப் போதும் என்றிருந்தது. அதற்கும் பாதிக்கு மேல் ஏற வேண்டுமாம். மாமரத்தடியில் செவ்விளநீர் குடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15, வியாழன். கண்டி

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோவிலில் இறங்கினோம். எல்லாரும் கோபுரத்தைப் படம் எடுத்தார்கள். நான் மட்டும் நிழலில் உட்கார்ந்திருந்ததால் வழிகாட்டித் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினார்.

காப்பித் தோட்டக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக இந்த மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்களாம். தண்ணீர் இல்லாமல், காய்ச்சலில், பேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். போன வருஷம், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதற்காக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் நடந்தார்கள். இந்தத் தம்பியும் கடைசி இரண்டு நாள் கூட நடந்திருக்கிறார்.

"உங்க ஆளுக எந்த ஊருப்பா?"

"புதுக்கோட்டைச் சீமை, திருமயம்னு தாத்தா சொல்லுவாரும்மா."

திருமயம்! பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணிகூட ஆகாது. கோட்டை மேலே ஏறினால் எங்கள் ஊர்ப் பக்கம் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. நாங்களும்தான் தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். வழி நெடுக மோர், பானகம், சாப்பாடு, படுக்க இடம், கால் பிடித்துவிட ஆள். நடையே சாமி என்று நினைத்து நடக்கிறோம். இவர்கள் அரிசிக்காக நடந்தார்கள். ஒரே மண்ணிலிருந்து கிளம்பிய கால்கள்தான்.

புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகையில் நல்ல கூட்டம். தாமரைப் பூ வைத்துக் கும்பிட்டேன். எதிரே ஏரி. கண்டியின் கடைசி ராஜா வெட்டியது. அவர் நாயக்கர் வம்சம்; அந்த ராஜாக்களுக்கு மதுரையிலிருந்துதான் பெண் எடுப்பார்கள். 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோய் வைத்தான். 1832இல் அங்கேயே செத்துப் போனார். சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது.

மதுரை என்றதும் மறுபடியும் போனை எடுத்தேன். ஆச்சி தூங்குகிறாளாம்.

பிப்ரவரி 16, வெள்ளி, காலை

ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி, இரவு. நுவரெலியா

குளிர். மலை ஆறாயிரம் அடி உயரமாம். சால்வைக்கு மேல் போர்வை போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

வழி முழுக்கத் தேயிலை. சீவி விட்டதுபோல மலைக்கு மலை பச்சை. பஸ்ஸில் எல்லாரும் ஆ, ஓ என்றார்கள். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் எனக்குக் கண் தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள் மேலேயே போனது. நீள நீளமான தகர ஓட்டு வரிசை, ஒரு வீட்டுக்கு ஓர் அறை, முன்னால் ஓர் ஒட்டுத் திண்ணை. என்றைக்கோ வெள்ளைக்காரன் கட்டியது. இன்னும் அதில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

ஒரு தோட்டத்தில் நிறுத்தினார்கள். கொழுந்து பறிக்கிற பெண்களோடு நின்று படம் எடுக்கலாம், கொஞ்சம் காசு கொடுத்தால் போதும் என்றார்கள். நான் எடுக்கவில்லை. என் வயது இருக்கும் ஓர் அம்மா. விரல் நுனியெல்லாம் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து, நகத்தோரம் வெடித்திருந்தது. தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுக்குப் பின்னால் சாக்கு. கயிறு அழுத்தி நெற்றியில் முடி நின்றுபோய் ஒரு தடம். எந்த ஊரிலிருந்து வர்றீங்க என்று என்னைத்தான் அவர் கேட்டார். நாள் கூலி ஆயிரம் ரூபாய், அவர்கள் ரூபாய். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான் போடுவார்கள். கையில் வைத்திருந்த தேன்குழல் பொட்டலத்தைக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு, "பேரப்பிள்ளைக்கு" என்றார்.

தொழிற்சாலையில் வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது எல்லாம் காட்டினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இந்த நாட்டில் முதன்முதலில் தேயிலைத் தோட்டம் போட்டார். அப்புறம் காப்பியில் நோய் விழுந்து எல்லாம் அழிந்தது. காப்பி இருந்த இடத்தையெல்லாம் தேயிலை பிடித்துக்கொண்டது. சரி. அந்தத் தோட்டத்துக்கெல்லாம் பணம்? பாங்க்காரன் நம் ஆட்களுக்குக் கொடுப்பான், நம் ஆட்கள் தோட்டக்காரருக்கும் கங்காணிக்கும் கொடுப்பார்கள், கங்காணி ஊரில் வந்து ஆளுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவான். அந்தக் கடன் கழியாமல் ஆள் தோட்டத்தை விட்டு நகர முடியாது. இதை எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிற பேரேடு சொல்லும்.

ராத்திரி ஆச்சி விழித்திருந்தாள். குரல் தெளிவாக இருந்தது. கேட்டேன்: "அந்தப் பேரேட்டிலே திருமயம் ஆளுக பேரு ஏதாவது இருக்கா?" அவள்தான் அப்பச்சி கணக்கையெல்லாம் உட்கார்ந்து படித்தவள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கங்காணி பேருதான் இருக்கு. கங்காணிக்குக் கீழே இருந்தவன் பேரையெல்லாம் யாரு எழுதினா?" என்றாள்.

அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. அந்தக் கணக்கில்தான் நாங்கள் படித்தோம், எனக்கும் ஆச்சிக்கும் கல்யாணம் நடந்தது, எங்கள் வீட்டு வளவுக்கு ஆத்தங்குடிக் கல் போட்டது. அப்பச்சி நல்லவர்கள். வட்டியைத் தள்ளிக்கொடுத்ததும் அதே பேரேட்டில் இருக்கிறது. அதையும் எழுதாமல் விட எனக்கு மனசில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17, சனி. எல்ல

ஒன்பது கண் பாலம். 1921இல் இரும்பே சேர்க்காமல் கல், செங்கல், சிமெண்ட் கொண்டு கட்டியது. ரயில் வந்தபோது எல்லாரும் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கொஞ்ச நேரம் மனசு லேசாகத்தான் இருந்தது.

வழிகாட்டித் தம்பியின் அத்தை குடும்பத்தை 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்களாம். 1948 சட்டத்தில் குடியுரிமை போனவர்கள். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து அஞ்சேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த ஜனங்களைப் பேசக் கூப்பிடாமலே பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்பில் இருந்து, கோத்தகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்து. கடைசிக் கடிதம் வந்தது இவர் சிறுபிள்ளையாக இருக்கும்போது. விலாசம் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். கோத்தகிரியில் எங்கள் சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள், விசாரிக்கச் சொல்ல வேண்டும். கட்டாயம் சொல்ல வேண்டும்.

செட்டியார் தெரு பற்றி மறுபடியும் கேட்டேன். "நான் கூட்டிப் போறேம்மா. மத்தவங்களைக் கடைவீதியில விட்டுட்டு நம்ம ஆட்டோவில போவோம்" என்றார்.

அக்கா மகன் செய்தி: டாக்டர் திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்கிறார். ஏன் வரச் சொல்கிறார்? நல்லதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார்களே?

பிப்ரவரி 18, ஞாயிறு. கொழும்பு

போனோம்.

தெரு நான் நினைத்ததைவிடக் குறுகல். இரண்டு பக்கமும் நகைக்கடை. ஞாயிறு என்பதால் பலவும் அடைத்திருந்தன. பழைய கதிரேசன் கோவில், புதுக் கதிரேசன் கோவில், இரண்டும் நம் ஆட்கள் கட்டியவை. ஆடி மாதம் வேல் இங்கிருந்து தேரில் பம்பலப்பிட்டிக்குப் போகும். அப்பச்சி அந்தத் தேரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும்தான் சிலோனைப் பற்றிச் சிரித்துப் பேசுவார்கள். உள்ளே நுழைந்ததும் விபூதி வாசனை, கல் தரை குளுகுளுவென்று. குன்றக்குடியில் நிற்கிற மாதிரியே இருந்தது. தேங்காய் உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. ஆச்சி பேருக்கு ஓர் அர்ச்சனை. வழிகாட்டித் தம்பி வீட்டுக்கு ஓர் அர்ச்சனை, திருமயம் என்று ஊரையும் சேர்த்துச் சொன்னேன்.

அப்பச்சி கடை எதுவென்று தெரியவில்லை. கதவு எண் மாறிவிட்டது. விலாசத்தைச் சொல்லிக் கேட்டதில் ஒரு பெரியவர் ஒரு மாடிக் கட்டிடத்தைக் காட்டினார், இன்னொருவர் அது இல்லை, இது என்றார். இரண்டையும் வீடியோ காலில் ஆச்சிக்குக் காட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். "கிட்டே போ. தூணைக் காட்டு. அந்தப் படியைக் காட்டு" என்று என்னைத் தெரு முழுக்க நடக்க விட்டாள். கொப்புளம் பிய்ந்து செருப்பெல்லாம் ரத்தம். நடந்தேன். அவள் தலையில் துண்டு கட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தலைவலி என்கிறாள்.

ஊருக்கு வந்ததும் பேரேட்டை எடுத்து வைக்கச் சொன்னாள். இரண்டு பேருமாக முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமாம்.

விமானம் காலையில். திருச்சியில் இறங்கினால் எல்லாருக்கும் காரைக்குடிக்கு வேன் நிற்கும். நான் அதில் ஏறப் போவதில்லை. நேரே மதுரை. பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது. டாக்டரிடம் நான் வரும்வரை காத்திருக்கச் சொல் என்று அக்கா மகனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.