சங்காயம் கடைசியில்

படிவங்களின் வரிசையை மாற்ற நான் போட்டது ஐந்தே எண்கள்: 10, 20, 30, 40, 50. அதற்கு முன், படகில் வருவதன் எடையைக் கணினியில் பதியும் திரையில் இறால், கணவாய், சங்காயம் (கலந்து வரும் மலிவான கழிவு மீன்), நண்டு, மீன் என்று ஐந்து படிவங்களும் அகரவரிசையில் வந்தன. அது யாரும் யோசித்து வைத்த வரிசை இல்லை. வரிசை எண் காலியாக இருந்தால் பெயரை வைத்து அடுக்கிக்கொள் என்று நிரலில் இருந்தது, அவ்வளவுதான். (அந்த அடுக்கும் முழுதாக நம்பத் தக்கதல்ல. யூனிகோடில் 'ன' கடைசியில் இல்லாமல் 'ந'வை ஒட்டி நிற்கிறது. இந்த ஐந்து பெயரும் அதில் சிக்காதவை.)

ராமேசுவரம் ஜெட்டியில் எடை போடுகிறவர்கள் வரிசையை மாற்றக் கேட்டது நியாயம். படகு கரை சேர்ந்ததும் இறால் முதலில் இறங்கும், சங்காயம் கடைசியில். எடையை எழுதும் சீட்டிலோ சங்காயக் கட்டம் மூன்றாவதாக நிற்கிறது. அதை விட்டுவிட்டு எழுதி, பிறகு திரும்பி வர வேண்டும். ஆகவே இறால், நண்டு, கணவாய், மீன், சங்காயம் என்று மாற்றினேன்.

வேலையில் குறை வைக்கவில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். பத்துப் பத்தாக எண் கொடுத்தால் நாளைக்கு சிங்கி இறாலுக்குத் தனிப் படிவம் வந்தாலும் 15இல் செருகலாம். நெடுவரிசை எண் வகையில் இருக்கிறதா என்று பார்த்தேன். எழுத்து வகையில் இருந்தால் 100 வந்து 20க்கு முன்னால் உட்காரும். இரண்டு படிவங்களுக்குத் தவறி ஒரே எண் விழுந்தால் தரவுத்தளம் இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு வேறு மாதிரியும் தரக்கூடும் என்பதால், படிவக் குறியீட்டை இரண்டாவது அடுக்காக வைத்தேன். மதிப்புகள் சேர்வது குறியீட்டின்படி, இடத்தின்படி அல்ல. அதனால் பழைய பதிவு எதுவும் கலையவில்லை. தோற்றத்தை மட்டும் ஸ்டைலில் மாற்றியிருந்தால் டேப் விசை பழைய வரிசையிலேயே ஓடியிருக்கும். அந்தப் பிழையையும் செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது வேறு விஷயம்.

திங்கள் இரவு மாற்றம். செவ்வாய், வியாழன் காலைகளில் படகுகள் கரை சேர்ந்தன. வெள்ளிக்கிழமை பதிவுகளைப் பார்த்தபோது ஒரு படகில் கணவாய் 600 கிலோ என்று நின்றது.

சீட்டைப் பார்த்துக் கணினியில் பதிவு செய்யும் பெண்ணைப் போனில் கேட்டேன். "மாத்துனதச் சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றார்.

"ஒவ்வொரு படிவத்துலயும் தலைப்பு இருக்கேம்மா."

"தலைப்ப எங்க சார் பாக்குறது? கண்ணு சீட்டுல இருக்கும். கை பாட்டுக்கு அடிக்கும்."

சீட்டுப் புத்தகம் பழைய வரிசையில் அச்சடித்தது. தீரும்வரை அதையே ஓட்டலாம் என்று விட்டிருந்தோம். ஐந்து படிவத்திலும் இரண்டே கட்டங்கள்: பெட்டி, கிலோ. எண்டர் தட்டினால் அடுத்த படிவம் தானாகத் திறக்கும். அந்த வேகத்துக்காகத்தான் அப்படி வைத்தோம். கணவாயின் எடை நண்டில் விழுந்தது, சங்காயம் கணவாயில், நண்டு மீனில், மீன் சங்காயத்தில். இறால் மட்டும் தன் இடத்தில். கடைசியில் வரும் மொத்த எடைச் சோதனை ஒன்றையும் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே. நண்டுப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்திருந்தால் விரல் தடுமாறியிருக்கும்; ஐந்தும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது நான்.

மாற்றியதைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கண் சீட்டில் இருக்கிறவருக்கு அறிவிப்பு எந்தத் திரையில் வரும்? முதல் நாள் நினைவிருக்கும், மூன்றாவது படகில் கை பழையபடி போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் மாற்றியிருக்க வேண்டும் என்றார் உடன் வேலை செய்பவர். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு நண்டோடு வந்துகொண்டேதான் இருக்கும். இந்தத் திரை ஓய்ந்திருக்கும் நாள் என்று ஒன்று கிடையாது. இப்படி எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். சீட்டையும் திரையையும் ஒரே நாளில் மாற்றியிருக்கலாமே என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பழையபடி வைக்கச் சொன்னார் அந்தப் பெண். வைக்கவில்லை. நான்கு நாளில் இரண்டாம் முறை மாற்றினால் இன்னும் குழம்பும் என்று காரணம் சொன்னேன். புதுச் சீட்டை அவசரமாக அச்சடித்தோம். எந்த வரிசையைப் பார்த்துப் பதிந்தது என்று தெரிய, ஒவ்வொரு பதிவோடும் வரிசையின் பதிப்பு எண்ணும் சேர இப்போது வழி செய்தாகிவிட்டது. அந்த வாரம் அது இல்லை.

சங்காயம் அதிகம் வந்த படகுகளைத் திருத்துவது எளிது. கணவாயில் நூற்றுக்கணக்கில் நின்றாலே இடம் மாறியது தெரிந்துவிடும். இரண்டு படகுகளில் எல்லா எடையும் 30, 40 கிலோ அளவில் பக்கம் பக்கமாக நின்றன. சீட்டு அன்றைக்கே ஏலக்காரர் கைக்குப் போய்விட்டது. நடுவில் ஒருமுறை தலைப்பைப் பார்த்து அடித்ததாக அந்தப் பெண்ணுக்கு நினைவு. எந்தப் படகுக்கு என்று தெரியவில்லை. ஒன்றை மாற்றினேன், இன்னொன்றை அப்படியே விட்டேன்.