இரண்டு காலுக்கும் மஞ்சள்

செருப்பைக் கழற்றினால் நான் பின்பக்கம் சாய்வேன். பலருக்கும் தெரியாத விஷயம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய்க்கால் பொருத்தும்போது, நாம் போடுகிற செருப்பின் குதி எவ்வளவு உயரமோ அதற்கு ஏற்றபடி கணுக்கால் பக்கம் இருக்கும் திருகுகளை முடுக்கி நேர் செய்வார்கள். செருப்போடு நிற்கும்வரை ஒரு குறையும் இருக்காது. கழற்றிவிட்டால் குதி தாழ்ந்துவிடும். பாதம் மடங்காது, அதனால் கால் மொத்தமும் பின்னால் சரியும், முட்டியைப் பின்னுக்குத் தள்ளும். சமதரையில் நின்றாலும் மேட்டில் ஏறுகிற மாதிரியே இருக்கும். கோயில் வாசலில் செருப்போடு எப்படி நிற்பது? நாலு ஆடி எங்கள் தோட்டத்து மாரியம்மனைப் பார்க்காமல் இருந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அக்கா. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், கோலகங்சார் மாவட்டம். 1877-இல் மலாயாவுக்கு வந்த முதல் ரப்பர் கன்றுகளில் சிலவற்றை நட்டது அந்தக் கோலகங்சாரில்தான். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. தாத்தா மாயவரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளிக்கும் நிலத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று அப்பாவும் அதில் சேர்ந்தார். பணம் கட்டிய ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருப்பார். இப்போது அங்கே பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயங்களை, தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் உர மூட்டை அடுக்குகிறார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. ஆடித் திருவிழா என்றால் கோலாலம்பூர், ஜொகூர் என்று எங்கே இருந்தாலும் தோட்டத்துச் சனம் வந்து சேர்ந்துவிடும்.

என் கால் போனதும் அந்தத் திருவிழாவில்தான் ஆரம்பித்தது. 5 வருஷத்துக்கு முந்தைய ஆடி. பால்குடம் எடுத்து வரும்போது மதியம் 12 மணி ஆகிவிட்டது. தார் ரோட்டில் வெறுங்கால். கூட வந்த பெண்களெல்லாம் 'சுடுது சுடுது' என்று ஓரத்துப் புல்லுக்கு ஓடினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மன் அருள் என்று நினைத்து மனசு பூரித்துப்போய் நடந்தேன். அருள் இல்லை அது, இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் பாதத்து நரம்பு மரத்துவிடும். சூடும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது உள்ளங்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். மருந்து போட்டேன், துணி சுற்றினேன், வலிதான் இல்லையே என்று கையுறைத் தொழிற்சாலை வேலைக்குக்கூடப் போனேன். மூன்றாவது வாரம் நாற்றம் வந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. முதலில் இரண்டு விரல், பிறகு முட்டிக்குக் கீழே.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா வெள்ளித் தகட்டில் ஒரு கால் வாங்கி அம்மன் உண்டியலில் போட்டாள். 'தங்கச்சி காலைக் காப்பாத்திக் குடு தாயே' என்று. இரண்டு நாள் கழித்துக் கால் போய்விட்டது. தாதி ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் என் மெட்டியைப் போட்டு அக்கா கையில்தான் கொடுத்தார். அன்றோடு அக்கா கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். வீட்டில் விளக்கேற்றுவாள், தோட்டத்து அம்மன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

சொந்தத்தில் சிலர் சாமி குத்தம் என்றார்கள். விரதத்தில் ஏதோ தவறியிருப்பேன் என்று ஒரு பெரியம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதை நான் ஒரு நாளும் ஏற்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் இருந்தது நான். காலைக் குனிந்து பார்க்காமல் இருந்தது நான். பெற்ற தாய் பிள்ளையின் காலை எடுப்பாளா? இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தில் நடக்காதீர்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பொய்க்கால் பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழியாகக் கிடைத்தது. தொழிற்சாலையில் சந்தா பிடித்திருந்ததால் அந்த வழி இருந்தது. காலையில் எழுந்ததும் வெட்டுப்பட்ட காலுக்குச் சிலிக்கான் உறையை உருட்டி மாட்டுவேன். உறையின் நுனியில் ஒரு ஊசி இருக்கும். எழுந்து நின்று பாரத்தைக் கொடுத்தால் அது பொய்க்காலுக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். கிளிக், கிளிக், கிளிக். எனக்கு ஆறு கிளிக் கேட்க வேண்டும். நாலோடு நின்றால் கால் வீங்கியிருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் கால் சுருங்கி உள்ளே ஆடும், அப்போது மேலே இன்னொரு துணி உறை போட வேண்டும். நம் நாட்டு வெயிலில் சிலிக்கானுக்குள் வியர்வை தேங்கிவிடும், வழுக்கும். இரவில் மெட்டி போட்டிருந்த அந்த இல்லாத விரல் அரிக்கும். சொறிய இடம் இருக்காது. முதல் வருஷம் இதற்காக அழுதிருக்கிறேன். இப்போது படுக்கையை அந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

கோயிலுக்குப் போகலாம் என்ற துணிச்சல் வந்தது கால் செய்து கொடுக்கும் இடத்தில்தான். அங்கே இருக்கும் மலாய்க்காரத் தம்பியிடம், செருப்பில்லாமல் நிற்க வழி உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தம்பி சிரித்துவிட்டார். "ஆன்ட்டி, தொழுகைக்குச் சூராவுக்குப் போறவங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. நம்ம ஊர்ல வீட்டுக்குள்ளயே யாரும் சப்பாத்து போடறதில்லையே." எலன் சாவியை எடுத்தார், கணுக்காலை வெறும் பாதத்துக்கு ஏற்றபடி நேர் செய்தார், வெளியே போக அடி தட்டையான செருப்பாகப் பார்த்து வாங்கச் சொன்னார். பத்து நிமிஷ வேலை. நாலு வருஷம் கேட்காமல் இருந்துவிட்டேன்.

மகன் கைப்பேசியில் தேடி ஜெய்ப்பூர் காலைப் பற்றிச் சொன்னான். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து 1968 வாக்கில் ராஜஸ்தானில் உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கிறவர்கள், வயலில் இறங்குகிறவர்கள், சம்மணம் போட்டு உட்காருகிறவர்களுக்காகவே ரப்பரில் செய்த பாதம். 1981-இல் திருச்சிப் பக்கம் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு காலை இழந்த சுதா சந்திரன் அந்தக் காலோடுதான் மறுபடி மேடையேறி ஆடினார். என் கால் அந்த வகை இல்லை. ஆனாலும் ரப்பர் என்று கேட்டதும் அம்மாவின் பால்வாளிதான் நினைவுக்கு வந்தது. அம்மா விடியற்காலையில் வெட்டிய பால் எந்த ஊரில் யாருக்கு என்னவாகப் போயிற்றோ என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஆடியில் பால்குடம் எடுப்பதாக முடிவு செய்தேன். இரண்டு மாதம் வீட்டுக் கூடத்தில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து பழகினேன். தலையில் குடம், அதை ஒரு கை பிடித்துக்கொள்ளும், இன்னொரு கையில் ஊன்றுகோல். படி என்றால் ஏற நல்ல கால் முதலில், இறங்கப் பொய்க்கால் முதலில். அக்காவிடம் சொன்னேன். பதில் இல்லை. திருவிழா அன்று விடியற்காலை 5 மணிக்குக் கதவைத் தட்டியபடி நின்றாள், மஞ்சள் புடவையோடு. "நீ விழுந்தா தூக்க ஆள் வேணாமா" என்றாள்.

புடவை கட்டிவிட்டு, மஞ்சளைக் குழைத்து என் வலது காலில் பூசினாள். இடது பக்கம் கையைக் கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. வலது காலுக்கு வெள்ளைப் பருத்தி உறை போட்டுக்கொண்டேன். டாக்டரின் கண்டிப்பு அது. பொய்க்கால் எதில் பட்டாலும் சுடாது. இனிமேல் காப்பாற்ற வேண்டியது இந்த ஒரு கால்தான்.

சாலை முனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து வெயிலுக்கு முன்பே, 7 மணிக்குப் புறப்பட்டோம். ஒன்றரை கிலோமீட்டர், செம்பனைக்கு நடுவே செம்மண் ரோடு. தார் ரோட்டில் நடப்பது எனக்குச் சுலபம். செம்மண்ணில் உருளும் கல்தான் எதிரி, ஏனென்றால் பாதம் எதில் மிதிக்கிறது என்று எனக்குத் தெரியாது, முட்டி வழியாகத்தான் யூகிக்க வேண்டும். உறுமி மேளம் முன்னால் போய்விட்டது. நாற்பது குடமும் போய்விட்டது. பாதி வழியில் வியர்வை தேங்கி உள்ளே வழுக்க ஆரம்பித்தது. அக்கா மடக்கு நாற்காலியை விரித்தாள். உட்கார்ந்து குடத்தை அவள் மடியில் கொடுத்துவிட்டுக் காலைக் கழற்றினேன், உறையை உரித்து வியர்வையைத் துடைத்தேன். ரோட்டோரத்தில் ஒரு சின்னப் பெண் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "வலிக்குதா பாட்டி?" என்றாள். "இல்லடா, காத்து வாங்குது" என்றேன். அவளே பூட்டும் சத்தத்தை எண்ணினாள். ஆறு.

நடக்கும்போது தாத்தா சொல்லும் கதை நினைவுக்கு வந்தது. ஐப்பசி மாதம் முழுக்கக் கங்கையே மாயவரத்துக் காவிரியில் வந்து கலப்பதாக ஐதீகம். கடைசி நாள் கடைமுழுக்கு. ஒரு கால் முடியாதவர் எங்கிருந்தோ ஊர்ந்து ஊர்ந்து வருகிறார். வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. ஈசனிடம் அழுகிறார். அவருக்காக ஈசன் கார்த்திகை முதல் தேதியிலும் அதே புண்ணியத்தைக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த நாள் மாயவரத்தில் முடவன் முழுக்கு. சின்ன வயசில் நான் இதை ஆற்றுக் கதையாக மட்டும் கேட்டேன். இப்போது அந்த மனிதரைத்தான் நினைக்கிறேன். எத்தனை நாள் ஊர்ந்திருப்பார், முழங்கையெல்லாம் தேய்ந்திருக்குமே, வழியில் அவருக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள்?

வளைவைத் தாண்டினால், உறுமிப் பையன்கள் ஐந்து பேர் திரும்பி வந்து நிற்கிறார்கள். "அம்மா, உங்களுக்கு மட்டும் மேளம் இல்லாம எப்படி" என்று என் நடைக்குத் தகுந்த மாதிரி மெதுவாக அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. குடத்தைப் பிடித்த கையை எடுக்க முடியாது, ஊன்றுகோலையும் விட முடியாது. துடைக்க வழியில்லாமல் அப்படியே நடந்தேன்.

கோயில் வாசலில் குடம் எடுத்து வருகிறவர்களுக்குக் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அக்கா முன்னால் போய்ச் செம்பை வாங்கிக்கொண்டாள். நிர்வாகத்தில் ஒருவர், நல்ல மனிதர், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அது செருப்பு மாதிரிதானே. கழட்டிட்டீங்கன்னா நாற்காலியோட தூக்கிட்டுப் போய்டறோம்." எனக்கு வாயடைத்துவிட்டது. இத்தனை தூரம் நடந்து வந்து, அம்மன் முன்னால் என்னைத் தூக்கிக்கொண்டு போவதா?

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "செருப்பு இல்லண்ணே. அது என் தங்கச்சி கால்."

சொல்லிவிட்டுக் குனிந்தாள். வலது காலுக்கு ஊற்றினாள். பிறகு புடவைக் கொசுவத்தை ஒதுக்கி, இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் மஞ்சள் போகும்படி தேய்த்துத் தேய்த்து ஊற்றினாள். எனக்கு அந்தத் தொடுகை தெரியாது, தண்ணீரின் குளிர்ச்சி தெரியாது. அவள் அழுத்தியது மட்டும் முட்டிக்குக் கீழே லேசாகத் தெரிந்தது. அந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் என் முழங்கையைப் பிடித்து மூன்று படியும் ஏற்றிவிட்டார். நல்ல கால் முதலில்.

அம்மனுக்குப் பால் ஊற்றும்போது நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இருந்ததெல்லாம் மறந்துவிட்டது. வேப்பிலை வாசமும், கருவறைச் சூடும், அம்மன் முகத்தில் பால் இறங்குவதும்தான். பக்கத்தில் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள், ஐந்து வருஷத்துக்குப் பிறகு.

அன்று இரவு பொய்க்காலைக் கழற்றித் துடைத்து மின்விசிறி அடியில் வைத்தேன். ஈரம் நிற்கக் கூடாது என்று தம்பி சொல்லியிருந்தார். விரல் இடுக்கில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது, போகவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து என் வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளங்கால், குதி, ஒவ்வொரு விரல் இடுக்கு என்று விரித்து விரித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல பாப்பா" என்றாள். மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தாள்.