பேஜ் போட்டாச்சு சார், உங்களுக்குத்தான் வரல

"கருத்தரங்குக்கு ஒரு பேஜ் போட்டுடுங்க மேடம், மதியத்துக்குள்ள வந்துடணும்" என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். இணையதளத்தை நடத்துகிற ட்ரூபல் என்ற மென்பொருள் ஓடுகிற பல்கலைக்கழகத்தில் இது பத்து நிமிட வேலைதான். கன்டென்ட், ஆட் கன்டென்ட், பேசிக் பேஜ், தலைப்பு, விவரம், சேவ். முடிந்தது. மீதிப் பொழுதெல்லாம் போவது, போட்ட பக்கத்தை அடுத்தவர் கண்ணுக்குத் தெரிய வைப்பதில்.

முதல் வில்லங்கம் வேர்டு ஃபைலில் வரும். அழைப்பிதழை மூத்த பேராசிரியர் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பியிருப்பார். அவர் கணினியில் அழகான தமிழ். அதை எடுத்து எடிட்டரில் ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று வந்து விழும். பாமினியில் உள்ளே இருப்பது எப்போதுமே ஆங்கில எழுத்துதான். தமிழ் முகமூடி போட்டது எழுத்துரு. எடிட்டர் எழுத்துருவைக் கழற்றிவிடுவதால் குட்டு வெளிப்படுகிறது. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணை போட்டது 2010-இல். அழைப்பிதழ்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக மாற்றிவிடலாம். ஆனால் மூல எழுத்துரு பாமினியா, அதேபோன்ற வானவில்லா என்று சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும். முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றவும் கூடாது. நடுவில் இருக்கிற மின்னஞ்சல் முகவரி, 'ஜூம்' இணைப்பு எல்லாமே ஆங்கில எழுத்து என்பதால், அவற்றையும் தமிழ் என்று நினைத்து உளறலாக மாற்றி வைத்துவிடும். கட்டுரை அனுப்ப வேண்டிய முகவரியே உளறலாகிவிட்டால் கட்டுரைக்கு எங்கே போவது? தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக மாற்றி ஒட்டுவதுதான் வழி.

ஒட்டிய பிறகு தலைப்பைப் பெரிய எழுத்தாக்கி, தடிமனாக்கி, நடுவில் தள்ளுவார்கள். வேண்டாம். பக்கத்தின் பெயரே முதல்நிலைத் தலைப்பாக அச்சாகிவிடும். உள்ளே 'ஹெடிங் 2'-இல் தொடங்கினால் போதும். வெறுமனே தடிமனாக்கிய வரியை, பார்வையற்றோருக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் தலைப்பாக எடுத்துக்கொள்ளாது. ஓடும் எழுத்தும் கேட்பார்கள், பழைய தளத்தில் இருந்ததாம். அதற்கான மார்க்கீ டேக்கை எழுதிச் சேவ் செய்தால், எந்த டேக்கை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் டெக்ஸ்ட் ஃபார்மேட் அதைச் சத்தமில்லாமல் உருவிப் போட்டுவிடும். அந்த ஒரு விஷயத்தில் மென்பொருள் நம் பக்கம்.

அடுத்து மெனு. வலது பக்கத்தில் 'மெனு செட்டிங்ஸ்' திறந்து, மெனு லிங்க் வேண்டும் என்று டிக் போட வேண்டும். அதற்குக் கீழே இருக்கிற 'பேரன்ட்' என்ற பெட்டியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதில் 'மெயின் நேவிகேஷன்' என்று தானாகவே நிற்கும். அப்படியே விட்டால் 'சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை: ஒருநாள் தேசியக் கருத்தரங்கு' என்ற முழு வரியும் பல்கலைக்கழக முகப்பின் உச்சியில், சேர்க்கைக்கும் தேர்வுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன் வருவது அப்போதுதான். பேரன்ட்டில் உங்கள் துறையைத் தேடிப் பிடியுங்கள். மெனு பெயரைக் 'கருத்தரங்கு' என்று சுருக்குங்கள், பக்கத் தலைப்பு நீளமாகவே இருந்துகொள்ளட்டும்.

அங்கேயே 'வெயிட்' என்று ஓர் எண் கேட்கும். குறைந்த எண் மேலே, கூடின எண் கீழே. மைனஸும் போடலாம். இது தெரிந்த நாளிலிருந்து ஒருவர் மைனஸ் 5 போடுவார், அடுத்தவர் மைனஸ் 10, மூன்றாமவர் மைனஸ் 20. ஏலம்தான்.

சேவ் அழுத்தியாயிற்று. பின்னணி லேசான இளஞ்சிவப்பில் தெரிந்தால், நிறைய தீம்களில் அதற்கு அர்த்தம் பக்கம் இன்னும் வெளியாகவில்லை என்பது. கீழே 'பப்ளிஷ்ட்' டிக் விழுந்திருக்காது. லாகின் செய்திருக்கிற உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்று வரும்.

"மேடம், போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"எனக்கு ஏதோ ஆக்சஸ் டினைட்னு வருதே."

"ஒரு நிமிஷம் சார், இப்போ பாருங்க."

"இப்போ வருது. ஆனா தேதி பழசால்ல இருக்கு?"

தேதியை நீங்கள் எப்போதோ திருத்தியிருப்பீர்கள். சேவ் செய்ததுமே ட்ரூபல் தான் சேர்த்து வைத்த பழைய பிரதியை, அதாவது தன் சொந்த கேஷைத் துடைத்துவிடும். அதற்கு முன்னால் நின்று பக்கங்களின் பிரதியைப் பரிமாறுகிற சி.டி.என்-னும் அவர் போனில் இருக்கிற பிரவுசரும்தான், குறித்துக் கொடுத்த நேரம் முடியும் வரை பழைய பிரதியையே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் "எனக்கு வருதே" என்று வாதாடுமுன் லாகினும் பழைய பிரதியும் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒரு தரம் திறந்து பாருங்கள். லாகின் செய்த கண்ணை நம்பக் கூடாது.

இதே ட்ரூபல் பெல்ஜியத்தில், ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக விடுதி மாணவர்கள் நெட் வேலை செய்கிறதா, ராத்திரி எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொள்ளப் போட்ட தளத்திலிருந்துதான் வளர்ந்து 2001-இல் வெளியே வந்தது. அங்கே ஒப்புதல் வாங்க ஏழு பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

நம் இடத்தில் ஒரே பக்கத்தை இரண்டு பேர் திறந்து வைத்திருப்பார்கள். முதலில் சேவ் செய்தவருக்கு ராஜயோகம். இரண்டாமவருக்கு, வேறொருவர் மாற்றிவிட்டார், உங்கள் மாற்றங்களைச் சேமிக்க முடியாது என்று சிவப்பில் வரும். பதறி ரெஃப்ரெஷ் அழுத்தினால் அடித்ததெல்லாம் போச்சு. அப்படியே விட்டுவிட்டு, உள்ளடக்கம் முழுவதையும் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புதிதாகத் திறந்து தேவையானதை ஒட்டுங்கள்.

பிரவுச்சர் பி.டி.எஃப் தனிக் கதை. ட்ரூபல் எழுதப்பட்ட நிரல்மொழியான பி.எச்.பி-யின் இயல்பான அப்லோடு வரம்பு 2 எம்.பி. யாரும் கூட்டி வைக்கவில்லை என்றால், துணைவேந்தர் படம் வைத்த 14 எம்.பி. பிரவுச்சர் வாசலிலேயே நிற்கும். சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். ஒரு தேதி மாறியதென்று அதே பெயரில் மறுபடி ஏற்றினால் பழையது அழியாது. புதியதன் வாலில் அடிக்கோடும் பூஜ்யமும் சேரும், அதற்கடுத்ததில் அடிக்கோடும் ஒன்றும். ஏற்கெனவே 'ஃபைனல் நியூ லேட்டஸ்ட்' என்று பெயர் வைத்த ஃபைலுக்கு இது ஜாதகமே ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் இணைப்பை நேராகச் சுற்றவிட்டிருந்தால் ஊர் முழுக்கப் பழைய தேதிதான். சுற்றவிட வேண்டியது பக்கத்தின் இணைப்பை.

சுவரொட்டியில் க்யூ.ஆர். கோடு போடும்போதும் இதே கவனம் வேண்டும். முகவரியை அழகாக்க 'யு.ஆர்.எல். ஏலியஸ்' என்ற மாற்று முகவரி கொடுப்போம், தொடக்கத்தில் சாய்கோடு விட்டுப்போனால் ஏற்காது. பிறகு யாராவது தலைப்பைத் திருத்தினால், தலைப்பிலிருந்து ஏலியஸைத் தானே செய்கிற பாத்ஆட்டோ ஓடுகிற தளங்களில் ஏலியஸும் கூடவே மாறக்கூடும். பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் மாட்யூல் இல்லையென்றால் அச்சடித்த சுவரொட்டி அத்தனையும் 'பேஜ் நாட் ஃபவுண்ட்' காட்டும். ஏலியஸ் எத்தனை முறை மாறினாலும், பக்கத்தை அழிக்காதவரை, 'நோட்' என்ற சொல்லும் பக்க எண்ணும் கொண்ட மூல முகவரி வேலை செய்யும். எடிட் பக்கத்தின் முகவரிப் பட்டையிலேயே அந்த எண் இருக்கும். அச்சுக்கு அதைக் கொடுங்கள். பார்க்க லட்சணமாக இல்லையே என்று துறைத்தலைவர் கேட்டால், கட்டத்துக்குள் இருப்பதை எந்தக் கண்ணும் படிக்காது சார் என்று சொல்லிவிடலாம்.