லீச் ஏரியில் வால்ஐ: கடித்த பிறகு எத்தனை எண்ணுவது?

வால்ஐ மீனுக்குத் தூண்டில் போட்ட முதல் சுற்றில் எட்டுக் கடி, ஒரே மீன். அடுத்த சுற்றில் ஏழு கடி, ஐந்து மீன். அதே சரிவு, அதே இரை. கடி விழுந்த பிறகு காத்திருந்த நேரம் மட்டும்தான் மாறியது.

இடம் அமெரிக்காவில் மின்னசோட்டாவின் லீச் ஏரி, அதன் ஒரு கிளையான வாக்கர் பே. அக்டோபர் நடு, மேல்நீர் 49 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த ஏரிக்கு இரண்டு குணம். பெரிய ஏரிப் பகுதி ஆழம் குறைவு. காற்றே கலக்கிவிடும், மேலே சூடு, கீழே குளிர் என்ற நீரடுக்கு நிற்காது. வாக்கர் பே 100 அடிக்கு மேல் போகும். அங்கே கோடையில் நிற்கும் அடுக்கு, மேல்நீர் 55-லிருந்து 50-க்கு இறங்கும்போது உடைந்து புரளும். சோனாரில் தெரிந்த அடுக்குக் கோடு மறையும், அழுகிய பாசித் துணுக்கு மிதக்கும், மீன் சிதறிப் போகும். அந்த வாரம் வாக்கர் பேயில் எரிபொருளை வீணாக்காமல் பெரிய ஏரியில் காற்று மோதும் கல்-மணல் கரைக்குப் போங்கள். 6 முதல் 10 அடி, 1/8 அவுன்ஸ் ஜிக் (ஈயத்தலை முள்), இரைக்கு ஷைனர் என்ற சிறு மீன். அது போதும்.

புரண்டு அடங்கிய பிறகு வால்ஐ சரிவின் அடிவாரத்தில், சரளை முடிந்து சேறு தொடங்கும் இடத்தில், 24 முதல் 30 அடியில் ஒட்டிக் கிடக்கும். சோனாரின் 20 டிகிரி கூம்பு 30 அடியில் பத்தடி வட்டத்தைப் பார்க்கிறது. சரிவின் மேட்டுப்பக்கம் முதலில் எதிரொலிப்பதால் பள்ளத்தில் படுத்த மீன் திரையில் வராது. சரிவைக் குறுக்கே வெட்டாமல், அதை ஒட்டியே படகை விடவேண்டும்.

ரிக், அதாவது தூண்டில் கட்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தூண்டில் நரம்பில் ஓடும் 1/2 அவுன்ஸ் ஈயம், மணி, ஸ்விவல் (சுழலும் இணைப்பு), ஆறடி நீளத்துக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு, 2-ஆம் எண் முள். இரை ரெட்டெயில் சப் என்ற உயிருள்ள சிறு மீன். அதன் கீழுதட்டிலிருந்து மேலுதட்டுக்கு முள் ஏற்ற வேண்டும். வேகம் மணிக்கு அரை மைலுக்கு மேல் வேண்டாம்.

இனி கடி. ரீலில் நரம்பைப் பிடிக்கும் கம்பியான பெய்ல் திறந்தே இருக்கட்டும், நரம்பு ஆள்காட்டி விரலில். வால்ஐ நெருங்கினால் சப் படபடவென்று துடிக்கும். விரலில் சின்னச் சின்ன நடுக்கமாகத் தெரியும். அது கடி அல்ல. பிறகு ஒரு 'தப்', அதோடு ஈரத்துணி தொங்குவது போன்ற கனம். அந்த நொடியில் நரம்பை விட்டுவிட வேண்டும். 5 அங்குல சப்பை வால்ஐ ஒரே வாயில் விழுங்குவதில்லை. குறுக்கே கவ்வி, அசக்கி, தலையைத் திருப்பித்தான் உள்ளே எடுக்கும். முதல் சுற்றில் 5 எண்ணி இழுத்தபோது சப் மட்டும் திரும்பி வந்தது, இரு விலாவிலும் செதில் உரிந்து, வால் பக்கம் பல் கோடுகளோடு. இப்போது 20 எண்ணிக்கை. நீர் 45-க்குக் கீழே போனால் 30. அதன் பிறகு நரம்பின் தளர்ச்சியைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் நிதானமாக வீசவேண்டும். மேல்நோக்கி வெட்டி இழுத்தால் முள் கழன்றுவிடும். அதிகம் காத்தால் முள் தொண்டைக்குள் போகும். அப்போது பிடுங்காமல் நரம்பை வெட்டுங்கள்.

30 அடிக்குக் கீழிருந்து ஏற்றிய மீனுக்குக் காற்றுப்பை உப்பி, திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். விடுவதாக இருந்தால் அந்த ஆழத்தில் போடாதீர்கள்.

ரெட்டெயில் சப் விலை ஏறித்தான் இருக்கிறது. அதைவிட எரிச்சல், சில கடைகளில் க்ரீக் சப்பைக் கலந்து கொடுப்பது. முதுகுத்துடுப்பின் முன் அடியில் கரும்புள்ளி இருந்தால் அது க்ரீக் சப், வாயும் பெரிது. ஏரி நீரை எடுத்துப் போகச் சட்டம் இடம் தராததால் கிளம்பும்போது வாளியில் குழாய்த் தண்ணீர் மாற்றவேண்டும். குளோரின் நீக்கும் சொட்டு மருந்து போடாவிட்டால் மொத்த டஜனும் செத்துவிடும். ஒரே நாள் திறந்து வைத்தால் போதும் என்பது குளோரமைன் கலந்த ஊர்த் தண்ணீருக்குப் பொருந்தாது.

அடுத்த சுற்றில் இதே ரிக்கில் வட்ட முள் கட்டிப் பார்க்க வேண்டும். தொண்டையில் சிக்குவது குறையும். நவம்பர் பௌர்ணமியை ஒட்டி, வால்ஐயின் இரையான டலிபீ மீன் முட்டையிட ஆழமில்லாத கல்கரைக்கு ஏறும் இரவுகளில் ஸ்டிக்பெய்ட் என்ற மிதக்கும் செயற்கை இரையை மணிக்கு ஒன்றரை மைலில் இழுக்கவும் திட்டம் உண்டு. ராடு நுனி வளையத்தில் உறையும் பனிக்கு என்ன வழி என்பதை முதலில் பார்க்கவேண்டும்.