மூன்று டாக்டர், ஒரு நோட்டு

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது இதயத்தின் பம்பிங் 40 சதவீதம்தான் என்றார்கள். கொஞ்ச நாளில், கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 1.9 என்று வந்தது. ஆக, சர்க்கரைக்குப் பட்டுக்கோட்டையில் ஒரு டாக்டர், இதயத்துக்குத் தஞ்சாவூரில் ஒருவர், கிட்னிக்குத் திருச்சியில் ஒருவர். மூன்று பேரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவர் முழுசாகப் படித்து நான் பார்த்ததில்லை. "அதை அவரையே கேட்டுக்குங்க" என்பதுதான் எல்லாரிடமும் வந்த பதில்.

இது மாறியது எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அதுவும் நாங்களாகப் போகவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த திட்டம். அதில் அம்மாவுக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து தரும் அக்கா ஒருவர் உண்டு. திண்ணையில் இருந்து எழுந்த அப்பா தள்ளாடித் தூணைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, அவருக்கும் பிரஷர் பார்த்தார். 96/60. "ஐயாவை நாளைக்கே கூட்டிட்டு வாங்க தம்பி, எல்லா மாத்திரையையும் பையோட எடுத்துட்டு வாங்க" என்றார். அப்பா முறைத்தார். "ஸ்டென்ட் வெச்ச ஆளை தடுப்பூசி போடற எடத்துக்கு அனுப்பறியே" என்று அந்த அக்காவிடமே கேட்டார். அம்மா போட்ட சத்தத்தில்தான் கிளம்பினார்.

டாக்டரம்மா சின்ன வயசு. பையைக் கவிழ்த்து மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பினார். மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை அவர் பார்க்கவே இல்லை. கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டு அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சர்க்கரை டாக்டர் எழுதிய டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை. இன்னொன்று இதய டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை, அதற்குள்ளும் டெல்மிசார்டன். அப்பா தினமும் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருந்தார். தள்ளாட்டத்துக்குக் காரணம் அதுதான். ரத்தத்தில் பொட்டாசியம் 5.6-க்கு ஏறியிருந்ததற்கும் பாதிக் காரணம் அது.

பிறகு அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்து, "அது என்னங்க ஐயா?" என்றார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக். எந்தச் சீட்டிலும் இல்லாத மாத்திரை. கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அது குறைக்கும், பம்பிங் குறைந்தவருக்கு உடம்பில் நீரும் கோக்கும் என்று சொல்லி அந்த அட்டையைத் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். வலி வந்தால் பாராசிட்டமால், அதற்கு மேல் தன்னைக் கேட்டுத்தான்.

கிரியேட்டினின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாதாம். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அப்பாவின் வடிகட்டும் திறன் 38 என்றார். அறுபதுக்குக் கீழே மூன்று மாசத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். கூடவே, கிட்னி வழியாகப் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தைச் சிறுநீரில் பார்க்கச் சொன்னார். முப்பதுக்குள் இருக்க வேண்டியது 420 இருந்தது. சர்க்கரை நோயாளிக்கு வருஷம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய பரிசோதனை அது. இருபது வருஷத்தில் ஒருவரும் எழுதித் தரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

எனக்கு வியப்பாக இருந்தது சர்க்கரை விஷயம். ஒரு வருஷமாக அப்பாவின் சர்க்கரை அதுவாகவே இறங்கிக்கொண்டு வந்தது. "சாப்பாட்டைக் கட்டினேன், கட்டுக்குள்ள வந்துருச்சு" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இன்சுலினையும் சில சர்க்கரை மாத்திரைகளையும் வெளியேற்றுகிற வேலையில் கிட்னிக்கும் பங்கு உண்டு. கிட்னி தளர்ந்தால் அவை உடம்பிலேயே தங்கிச் சர்க்கரையைக் கீழே இழுக்கும் என்றார். ராத்திரியில் வேர்க்குமா என்று கேட்டார். வேர்க்கும், விடியற்காலை பனியன் நனைந்து கிடக்கும். நாங்கள் இதயம் என்று பயந்துகொண்டிருந்தோம். "அடுத்த தடவை வேர்க்கும்போது விரலைக் குத்திப் பாருங்க" என்றார். பார்த்தோம். 58.

இதயத்துக்காகச் சாப்பிடும் மெட்டோப்ரோலால், தாழ்சர்க்கரையில் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மூடிவிடுமாம். வியர்வை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை அன்றே நிறுத்தினார். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை 2,000 மில்லிகிராமில் இருந்து 1,000 ஆக்கினார். வடிகட்டும் திறன் முப்பதுக்குக் கீழே போனால் அதுவும் கிடையாது. ஹீமோகுளோபின் 9.8 என்று குறைவாக இருந்ததால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும் (ஹெச்பிஏ1சி) அப்படியே நம்ப வேண்டாம், வீட்டு மெஷினில் எடுத்ததை எழுதி வாருங்கள் என்றார்.

புதிதாகச் சேர்ந்தது டாப்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம். சர்க்கரை மாத்திரை என்றுதான் பெயர், ஆனால் இதயத்துக்கும் கிட்னிக்கும் சேர்த்துத்தான் அதை எழுதினார். இந்த மருந்தை வைத்து நடத்தி 2020-ல் வந்த டாப்பா–சிகேடி என்ற ஆய்வில் சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளும் இருந்தார்கள். கிட்னி மோசமாவதும் கிட்னியாலோ இதயத்தாலோ ஏற்படும் சாவும் சேர்த்து 39 சதவீதம் குறைந்தது. அதே வருஷம் இங்கே அதன் முதல் காப்புரிமை முடிந்து உள்ளூர்க் கம்பெனிகள் இறங்கியதால் விலையும் சரிந்தது. எங்கள் நிலையத்தில் அது கிடையாது, வெளியில்தான் வாங்குகிறோம். ஆரம்பித்த சில வாரத்தில் கிரியேட்டினின் 2.1 ஆனது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்பாவுக்கென்று போட்டுத் தந்த நோட்டில் அவர் முன்கூட்டியே எழுதியிருந்தார்: "முதலில் கொஞ்சம் ஏறும். 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மட்டும் வரவும்."

சாப்பாடுதான் பெரிய போராட்டம். தென்னந்தோப்புக்கு நடுவில் குடியிருக்கிறவரிடம் இளநீர் கூடாது என்றால் எப்படி இருக்கும்? பொட்டாசியம் இறங்கும் வரை இளநீரும் வாழைப்பழமும் நிறுத்தம். காயை நறுக்கி வெந்நீரில் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையல். தாழ்சர்க்கரை வந்தால்கூட இளநீரோ ஜூஸோ இல்லை, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கிலேயே அடங்காது. என் தங்கை சூப்பர் மார்க்கெட்டில் இருந்து, பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு வாங்கி வந்தாள். சோடியத்தை எடுத்துவிட்டு அதில் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. அப்பா மாதிரி ஆளுக்கு அது விஷம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் அதற்குள் எங்களுக்கு வந்திருந்தது, தப்பித்தோம்.

தண்ணீர் விஷயத்தில், கிட்னிக்கு நிறையக் குடி என்று சொல்லாத சொந்தக்காரரே இல்லை. டாக்டரம்மா ஒன்றரை லிட்டர் என்று கோடு போட்டார். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே போக வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுத் தந்தார். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் அன்று நிறுத்த வேண்டியவை: மெட்ஃபார்மின், டாப்பா, டெல்மிசார்டன், நீர் மாத்திரை. நிறுத்தக் கூடாதவை: ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின். ஒன்றிரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடித்த பிறகு மறுபடி ஆரம்பிக்கலாம். ஐப்பசி மழையில் ஊரே பேதியில் கிடந்தபோது இந்தக் கட்டம்தான் அப்பாவை அட்மிஷன் வரை போகாமல் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

பெரிய டாக்டர்களை விட்டுவிடவில்லை. டாக்டரம்மா எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை மூவரிடமும் காட்டினேன். சர்க்கரை டாக்டருக்கு முகம் சுருங்கியது. இதய டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கீழேயே "சம்மதம்" என்று எழுதி, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரலை எந்த மாசம் நிறுத்துவது என்பதையும் சேர்த்தார். இப்போது எந்த மாத்திரை ஏறினாலும் இறங்கினாலும் ஊர் டாக்டர் நோட்டில் ஏற்றிய பிறகுதான் அப்பா வாயில் போகிறது.

அல்புமின் 420-ல் இருந்து 230-க்கு வந்திருக்கிறது. பொட்டாசியம் 4.8. போன மாசம் டாக்டரம்மாவுக்கு மாறுதல் வந்துவிட்டது. புது டாக்டர் நோட்டை முதல் பக்கத்தில் இருந்து புரட்டினார். மாத்திரை எதையும் மாற்றவில்லை. "விழித்திரைக்குச் சொட்டு மருந்து போட்டு எப்ப பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. வருகிற வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.